வாய்க்குள் போகாத கை

என் அம்மா பல் டாக்டரைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். 1998ஆம் வருஷம், ஐப்பசி மாசம். நான் அஞ்சாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் சொத்தை. பத்து நாளாகக் கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்காமல், அதோடேயே கடலைக்காய் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் முடியவில்லை. கூலியை விட்டுவிட்டு என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் காலனியிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம்.

சீட்டு எழுதினவர் பெயர் கேட்டார், வயசு கேட்டார், ஊர் கேட்டார். அப்புறம், "ஊரா, காலனியா?" என்று கேட்டார். பல்வலிக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கே போனாலும் கேட்கிற கேள்விதானே.

டாக்டர் டார்ச்சு லைட்டை அடித்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார். "வாயத் தொற. இன்னும் தொற. ஏம்மா, பல்லே வெளக்க மாட்டியா? இப்படிக் காவி புடிச்சிக் கெடக்குது."

"தெனமும் வெளக்கறங்க சாமி. சாம்பலு போட்டு வெளக்கறங்க."

"பொய் சொல்லாத. எடுத்துரலாம், அங்க போயி உக்காரு."

அவ்வளவுதான் பரிசோதனை. ஊசி போட்டார்கள். ஆயா தலையைப் பிடித்துக்கொள்ள, கையுறை மாட்டிக்கொண்டு வந்து கொறட்டால் இழுத்தார். ஊசி மரத்துப் போவதற்குள்ளேயே இழுத்துவிட்டார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் வீட்டுக்கு வந்து அழுதாள். பல் பிடுங்கின வலிக்காக இல்லை. "அத்தன பேரு முன்னாடி பல்லு வெளக்காதவன்னு சொல்லிட்டாரே" என்றுதான். அதற்கப்புறம் அவள் சிரிக்கும்போதெல்லாம் முந்தானை வாய்க்கு வந்துவிடும்.

அந்த டாக்டர் சாதி பார்த்துத்தான் தள்ளி நின்றார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கூட்டம் அதிகம், அவருக்கும் அலுப்பு இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டடி தூரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

*

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து பற்பசை விளம்பரம் வரைக்கும் சொல்கிறார்கள். இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1930களில் அமெரிக்க வானொலியில் 'ஆமோஸ் அண்ட் ஆண்டி' என்றொரு நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டது. பணம் கொடுத்து நடத்தியது பெப்சோடென்ட் பற்பசைக் கம்பெனி. தினமும் இரண்டு தடவை பல் துலக்குங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை பல் மருத்துவரைப் பாருங்கள் என்ற பிரச்சாரத்தை வீடு வீடாகக் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிகழ்ச்சியில் கறுப்பர்களாகப் பேசி நடித்த இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். கறுப்பர்களின் பேச்சைக் கொச்சைப்படுத்திச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பின் நடுவில் பற்பசை விற்றார்கள்.

ஆறு மாதம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்று ஆப்ரி ஷீஹம் என்ற பல் மருத்துவ அறிஞர் 1977இல் 'லான்செட்' இதழில் கேள்வி எழுப்பினார். 2004இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலே மாறியது. அவரவர் பல்லின் நிலைமையைப் பொறுத்து மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை இடைவெளி இருக்கலாம் என்றார்கள். ஆறு மாதமா, இரண்டு வருஷமா என்பது அவர்கள் சண்டை. நம் சேரிகளில் கணக்கே வேறு. வலி வந்தால் ஒரு தடவை, அதுவும் பிடுங்குவதற்கு. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதைச் சோம்பேறித்தனம், அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வாய் என்பதைச் சாதி எப்படிப் பார்த்திருக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

*

சாதி காவல் காக்கிற இடங்களில் வாய் முக்கியமானது. யார் கையால் சாப்பிடுவது, யார் குவளையில் குடிப்பது, யார் எச்சில் எங்கே விழுவது என்பதில்தான் தீட்டுக் கணக்கு நிற்கிறது. பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் பதிவு செய்கிறார். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளைக்கும் அந்தக் கலயத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். நம் வாயில் பட்டது அவன் வாய்க்குப் போகக் கூடாது.

மருத்துவரும் இந்தக் கணக்குக்குள்தான் இருந்தார். 12.12.1929 'யங் இந்தியா'வில் வெளியான ஒரு கடிதத்தை அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துக் கொடுக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்றபிறகு வந்து சேரிக்கு வெளியே நிற்கிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்கிறார். நோயாளியைத் தொடவில்லை. அடுத்தடுத்து அழைத்தும் வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள்.

ஒரு காய்ச்சலைப் பார்க்கவே இத்தனை கை மாற வேண்டியிருந்தது. பல் பார்ப்பதற்கு விரலை வாய்க்குள் விட வேண்டும், எச்சிலைத் தொட வேண்டும். அப்படியென்றால் நம் பல்லை யார் பார்த்திருப்பார்கள்?

*

ஆங்கில வைத்தியம் வருவதற்கு முன்னால் ஊரில் பல் பிடுங்கினவர், கட்டி கீறினவர் நாவிதர். 'மருத்துவர்' என்று அந்தச் சாதிக்கே பெயர் உண்டு. ஐரோப்பாவிலும் நாவிதர்கள்தான் அறுவைக்காரர்கள். லண்டனில் 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமானார்கள். 1745இல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு அறுவைக்காரருக்குக் கௌரவம் கூடிக்கொண்டே போனது. இங்கே நடந்தது வேறு. மருத்துவம் படிப்பானபோது அது மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்குப் போனது. ஊருக்குப் பல் பிடுங்கின சாதி கத்தியும் கிண்ணமுமாகத் திண்ணையோரத்திலேயே நிறுத்தப்பட்டது.

ஆனால் அந்த நாவிதரும் சேரிக்கு வருவதில்லை. வந்தால் ஊர்த்தெருவில் அவருக்குப் பிழைப்பு போய்விடும். அவரும் ஒடுக்கப்பட்டவர்தான், ஆனால் அவர் கத்தி நம் தலையில் படக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. முடிக்கே அப்படியென்றால் வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

ஆகவே சேரி தன் பல்லைத் தானே பார்த்துக்கொண்டது. எங்கள் பாட்டி கண்டங்கத்திரி விதையை எண்ணெயில் பிசறி நெருப்பில் போட்டு, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, கண் வழியாகக் குழாய் வைத்துப் புகை பிடிக்கச் சொல்வாள். பல் புழு விழும் என்பாள். பல்லைப் புழு அரிக்கிறது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். 1728இல் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார் தன் புத்தகத்தில் அதை மறுத்தார். பாட்டிக்கு ஃபோஷார் தெரியாது. அந்தக் கதகதப்பில் கொஞ்சம் வலி தணியும் என்பது மட்டும் தெரியும். கிராம்பு வாங்கக் காசு இருந்தால் கிராம்பு, இல்லையென்றால் புகையிலை. கன்னத்தில் ஒதுக்கின புகையிலை வலியை மரக்கடிக்கும். அப்படித் தொடங்கின பழக்கம் வாய்ப் புற்றில் கொண்டுபோய் விட்டவர்களை எங்கள் காலனியிலேயே எனக்குத் தெரியும்.

*

இனி அம்மாவின் காவிப் பல்லுக்கு வருகிறேன். எம்.ஏ. படிக்கிற காலத்தில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அது விளக்காத பல் இல்லை. தண்ணீரில் புளோரைடு அதிகமிருந்தால், சின்ன வயசில் பல் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடும். முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு காவிக் கறை. சாம்பல் போட்டாலும் பற்பசை போட்டாலும் போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைத் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டும்.

இது நேற்றுத் தெரிந்த சங்கதியும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பதை மருத்துவர்கள் 1937லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். அறுபத்தோரு வருஷம் கழித்து, அதே பாதிப்புள்ள மாவட்டத்து ஆஸ்பத்திரியில், எங்கள் அம்மா பல் விளக்காதவள் ஆனாள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைப் பல் காவியாகிவிட்டது. அந்தக் கறைக்குக் காரணம் தண்ணீர். பழி நம் சாதியின் 'சுத்தமின்மை' மேல்.

*

1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்களுக்குப் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பல் விஷயத்திலும் அவர்களிடம் நமக்குப் பாடம் இருக்கிறது.

அடிமையின் வாய்க்குள் கை போகாமல் இல்லை. எடுப்பதற்குப் போனது. 1784 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் பண்ணையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு பிரெஞ்சுப் பல் மருத்துவரின் கணக்கில், ஒன்பது பற்களுக்காக நீக்ரோக்களுக்கு 122 ஷில்லிங் கொடுத்ததாக. விலை கொடுத்திருக்கிறார்களே என்று யாராவது சொல்லலாம். உடம்பே எஜமானனுக்குச் சொந்தமாக இருக்கிறவன் எந்த வாயால் மாட்டேன் என்று சொல்வான்?

அதே தேசத்தில், 178 வருஷம் கழித்து, ஒரு பல்வலி சட்டத்தையே உடைத்தது. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ நகரம். ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவரிடம் ஒரு கல்லூரி மாணவன் வருகிறான். கடைவாய்ப் பல்லில் சீழ், தாடை வீக்கம், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கறுப்பர்களுக்கான ஆஸ்பத்திரியில் இடமில்லை. வெள்ளையர் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருந்தும் சேர்க்கவில்லை. சிம்கின்ஸ் சாதாரண ஆள் இல்லை. வெள்ளையருக்கான கோல்ஃப் மைதானத்தில் 1955இல் இறங்கி விளையாடிக் கைதானவர். அரசாங்கப் பணத்தில் கட்டின ஆஸ்பத்திரி எப்படிக் கறுப்பனை மறுக்கலாம் என்று, மற்றக் கறுப்பின மருத்துவர்களையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு 1962இல் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். 1963 நவம்பரில் மேல்முறையீட்டில் வென்றார். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று ஆஸ்பத்திரி கட்ட அனுமதித்த 1946ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு செல்லாது என்றது தீர்ப்பு. 1964இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, வழக்குப் போட்டவர் வலியைத் தன் கையால் தொட்டுப் பார்த்த டாக்டர். நோயாளியின் சனத்திலிருந்தே வந்த டாக்டர்.

*

நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் பல் மருத்துவப் பிரிவு வந்தது. பிறகு தனியார் கல்லூரிகள் வந்தன, தெருவுக்குத் தெரு கிளினிக் வந்தது. காசுள்ளவனுக்கு "காப்பாத்திரலாம்", காசில்லாதவனுக்கு "எடுத்துரலாம்". வேர்ச் சிகிச்சைக்கும் உறைக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். பிடுங்குவது ஆஸ்பத்திரியில் இலவசம். இந்த வித்தியாசம் ஒரு கிழவியின் வாயில் மிச்சமிருக்கிற பல்லை எண்ணினாலே தெரிந்துவிடும். எங்கள் காலனியில் அறுபது தாண்டின பெண்களில் முறுக்குக் கடிக்க முடிகிறவர்கள் ரொம்பக் கம்மி.

இட ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகளும் உள்ளே போயிருக்கிறார்கள். என் அக்கா மகள் இப்போது பல் மருத்துவம் மூன்றாம் வருஷம். போன பொங்கலுக்கு வந்தவள் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தாள். "ஆயா, இது நீ வெளக்காததால வந்தது இல்ல. தண்ணியால வந்தது" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி அந்த டாக்டருக்கு இது தெரியாதா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் ஆட்கள் கல்வி கேட்டுப் போராடியிருக்கிறோம், நிலம் கேட்டிருக்கிறோம், சுடுகாட்டுப் பாதை கேட்டிருக்கிறோம். பல்லைக் கேட்டதில்லை. அது அற்ப விஷயம் என்று நாமும் நம்பிவிட்டோம். தாலுகா ஆஸ்பத்திரிகளில் பல்லைக் காப்பாற்றுகிற சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்போம். சேரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல்லையும் அவர்கள் குடிக்கிற தண்ணீரையும் வருஷா வருஷம் சோதித்து முடிவைச் சொல்ல வேண்டும் என்று கேட்போம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பல் டாக்டரிடம் எத்தனை தடவை போனாய், என்ன சொன்னார்கள், தொட்டார்களா என்று. கேட்டதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.