ஏஜென்ட் யார் பெயரில் உள்ளே வருகிறது?

ஒரு விற்பனைக் குழு தன் சிஆர்எம் மென்பொருளில் ஏஐ ஏஜென்ட் ஒன்றை இறக்க நினைக்கிறது. வாடிக்கையாளர் பதிவுகளை அது படிக்க வேண்டும். பேசி முடித்ததன் சாரத்தைக் குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். அதை உள்ளே விட நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு வழிகள்: ஏபிஐ கீ, அல்லது ஓஆத் டோக்கன். இரண்டில் எது பாதுகாப்பானது என்று பலரும் எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் கையேடு எப்படி எழுதப்படுகிறது என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை நிறுவுகிறவர் கையேட்டில் உள்ள மாதிரி நிரலைத்தான் எடுத்து ஒட்டுகிறார்.

கீக்கான கையேடு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். செட்டிங்ஸில் கீயை உருவாக்கு, நகலெடு, கோரிக்கையோடு அனுப்பு. இந்தச் சுருக்கம் ஒரு நற்குணம்தான். இரவில் யாருமே இல்லாத நேரத்தில் அறிக்கை தயாரிக்கும் நிரலுக்கு, ஸ்ட்ரைப் தருவதுபோல அதிகாரம் குறைக்கப்பட்ட கீ ஒன்று போதும். ஆனால் கீயை எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது, கசிந்தால் எப்படித் தெரியும் என்பவை அந்த அரைப் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை.

டொயோட்டா 2022 அக்டோபரில் வெளியிட்ட தகவல் இதற்குச் சான்று. அதன் டி-கனெக்ட் சேவையின் நிரலில் ஒரு பகுதி 2017 டிசம்பர் முதல் கிட்ஹப்பில் யாரும் பார்க்கும்படி கிடந்தது. தரவு சர்வரைத் திறக்கும் கீயும் அதற்குள் இருந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கக்கூடும் என்றார்கள். யாராவது உள்ளே வந்தார்களா என்பதை அவர்களால் உறுதிசெய்யவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கீயை வைத்திருப்பவர் எவரானாலும் கணினிக்கு ஒரே ஆள்தான்.

ஓஆத் 2.0 என்பது 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 ஆக வெளிவந்த தரநிலை. சொத்து விவகாரத்தில் பொதுப் பவருக்கும், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் கீக்கும் ஓஆத்துக்கும் இடையேயும். பயனர் தன் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை. இன்ன வேலைக்கு என்று ஸ்கோப் குறித்து அனுமதி தருகிறார். சோஹோ சிஆர்எம்மில் அப்படிக் கிடைக்கும் அக்சஸ் டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். அதைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கனோ, நாமாக ரத்துசெய்யும் வரை உயிரோடு இருக்கும். ஒரு மணி நேரம் என்ற வரியைப் படித்து நிம்மதியடைகிறவர் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். கையேடு எழுதுகிறவர் இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே அளவு எழுத்தில் வைக்க வேண்டும்.

ரெஃப்ரெஷ் டோக்கனை மறந்துவிட்டால் என்ன ஆகும்? 2025இல் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் ட்ரிஃப்ட் என்ற ஏஐ அரட்டை ஏஜென்டிடமிருந்து ஓஆத் டோக்கன்கள் திருடப்பட்டன. ஆகஸ்ட் 8 முதல் 18 வரை, அவற்றைக் கொண்டு பல நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவு அள்ளப்பட்டது. 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது கூகுள். திருடர்கள் அந்தத் தரவுக்குள் எதைத் தேடினார்கள் தெரியுமா? அமேசான் கிளவுடின் கீகளையும் பாஸ்வேர்டுகளையும். ஓஆத் வழியாக நுழைந்து கீகளைத் தேடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு மறுக்க முடியாதது: ஆகஸ்ட் 20 அன்று அந்த ஏஜென்டின் டோக்கன்கள் மட்டும் மொத்தமாக ரத்துசெய்யப்பட்டன, எந்த ஊழியரும் அதற்காகப் பாஸ்வேர்டு மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆகவே மனிதர் ஒருவருக்காக வேலைசெய்யும் ஏஜென்டுக்கு ஓஆத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் கையேட்டில் முதலில் வர வேண்டியது, ரத்துசெய்வது எப்படி என்ற பக்கம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது: கையேட்டைப் படிப்பவர் இனி மனிதர் மட்டுமல்ல. ஏஜென்ட்களை மற்ற மென்பொருள்களோடு இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையின் 2025 ஜூன் பதிப்பு, ஒரு சர்வருக்கென்று வழங்காத டோக்கனை அந்த சர்வர் ஏற்கக் கூடாது என்கிறது. எங்கே போய் அனுமதி கேட்க வேண்டும் என்பதை, ஆர்எஃப்சி 9728 வகுத்த வடிவில், நிரலே படித்துக்கொள்ளும்படி சர்வர் வெளியிட வேண்டும். ஏஜென்டைப் பொறுத்தவரை பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பக்கம்தான். அனுமதி இல்லை என்பதைக் குறிக்கும் 403 என்ற எண் மட்டும் பதிலாக வந்தால், அது திரும்பத் திரும்ப முயலலாம், வேறு வழி தேடலாம். எந்த ஸ்கோப் போதவில்லை என்று சொன்னால், நின்று பயனரிடம் கேட்க வாய்ப்புண்டு. கீ உலகில் இப்படிக் கேட்பதற்கு இடமே இல்லை; எதிர்முனையில் ஒப்புதல் தர ஆள் இல்லை.

யார் என்ன செய்தார் என்று கணினி குறித்துவைக்கும் பதிவேட்டுக்கு வருவோம். பகிர்ந்துகொண்ட கீயில் வேலைசெய்யும் ஏஜென்ட் ஒரு வாடிக்கையாளர் பதிவை அழித்தால், கீயின் பெயர் மட்டுமே பதிவாகும். ஓஆத்திலும் ஏஜென்ட் பயனரின் டோக்கனை அப்படியே பயன்படுத்தினால், அழித்தது அந்த ஊழியர் என்றே பதிவாகிவிடும். செய்யாத வேலைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2020 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8693 இதற்கு வழி வைத்திருக்கிறது: யாருக்காக, யார் செய்தார் என்ற இரு பெயர்களையும் ஒரே டோக்கன் சுமக்கலாம். கையேட்டின் மாதிரி நிரல் இரண்டாவது பெயரையும் கேட்டு வாங்கும்படி எழுதப்பட்டிருந்தால், ஒட்டுகிறவர் அதையும் சேர்த்தே ஒட்டுவார்.