துக்ளக்: ஒரு சுல்தானின் பெயரும் ஓர் அரசியல் இதழும்

காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றும் அரசைத் தமிழ்நாட்டில் "துக்ளக் தர்பார்" என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் டெல்லியை ஆண்ட ஒரு முஸ்லிம் சுல்தானின் பெயர் நம் பேச்சில் இப்படி நிலைத்ததில் ஒரு நாடகத்துக்கும் ஒரு பத்திரிகைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் பத்திரிகை எப்படிப்பட்டது, அந்தச் சுல்தானின் வரலாறு திருவண்ணாமலையை எங்கே தொடுகிறது என்பதைப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாடகமும் இதழும்

வழக்கறிஞரும் நடிகருமான சோ ராமசாமி 1968இல் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை மேடையேற்றினார். துக்ளக்கும் பயணி இப்னு பதூதாவும் நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டு இருவர் இன்றைய இந்தியாவுக்கு வருகிறார்கள். துக்ளக் பிரதமராகவே ஆகிவிடுகிறார். நாடகத்தின் கேலி பதவி ஆசை பிடித்த அரசியல்வாதிகள் மீதுதான். 1971இல் இது திரைப்படமாகவும் வந்தது. அதற்கு முன்பே, 1970 பொங்கலன்று, 'துக்ளக்' இதழைச் சோ தொடங்கிவிட்டார்.

மரபு, சமயம், தேசியம் ஆகியவற்றின் பக்கம் நின்று திராவிட இயக்கத்தை விடாமல் விமர்சித்த வலதுசாரி இதழ் இது. கேள்வி பதில் பகுதியும் கார்ட்டூன்களும் இதன் அடையாளங்கள். ஆனால் சோ எப்போதும் ஒரே கட்சியின் பக்கம் நின்றவர் அல்லர். 1996 தேர்தலில் திமுக - தமாகா கூட்டணியை ஆதரித்தார். பிற்காலத்தில் பாஜகவையும் மோடியையும் வெளிப்படையாக ஆதரித்தார். 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 2016 டிசம்பர் 7 அன்று அவர் காலமான பிறகு எஸ். குருமூர்த்தி ஆசிரியரானார்.

இரண்டு முக்கிய நிகழ்வுகள்

1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தின் படங்களைத் துக்ளக் வெளியிட்டது. அன்றைய திமுக அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது. 2020 ஜனவரி 14 அன்று துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் இதைப் பற்றிப் பேசியபோது மீண்டும் சர்ச்சை எழுந்தது. அவர் சொன்ன விவரங்களைப் பெரியார் இயக்கத்தினர் மறுத்தனர். ரஜினியோ மன்னிப்புக் கேட்க மறுத்தார்.

1975இல் நெருக்கடி நிலை வந்தபோது தணிக்கையை எதிர்த்துத் துக்ளக் கறுப்பு அட்டையுடன் வெளிவந்தது. அதே ஜூலையில் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் தடை செய்யப்பட்டது. ஆர்.எஸ்.எஸ். அமைப்பும் அதே தடையில் சிக்கியது. நமக்குப் பிடிக்காத கருத்தைப் பேசுபவரின் வாயை அடைக்கும் அதிகாரம் நம் வாயையும் அடைக்கும் என்பதற்கு இது நம் நாட்டிலேயே நடந்த உதாரணம்.

உண்மையான துக்ளக்

முஹம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டார். கல்வியறிவு மிக்கவர். தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதும், வெள்ளிக்கு ஈடாகச் செப்பு நாணயம் வெளியிட்டதும் தோல்வியில் முடிந்தன. அவரிடம் டெல்லியில் காஜியாக இருந்தவர்தான் இப்னு பதூதா. சுல்தானின் கொடைகளையும் கொடுந்தண்டனைகளையும் அவர் சேர்த்தே எழுதினார்.

துக்ளக்கின் மதுரை ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, டெல்லியை எதிர்த்துத் தனி ஆட்சி அமைத்தார். அப்போது திருவண்ணாமலையிலிருந்து ஆண்டுவந்தவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் நிற்கிறது. பிள்ளை இல்லாத அந்த மன்னருக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து திதி கொடுக்கும் சடங்கு ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நடக்கிறது.

வல்லாளரை மதுரை சுல்தான் கியாதுத்தீன் தோற்கடித்து, பிடித்துக் கொன்றார். உடலின் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். இதைக் கண்ணால் கண்டதாக எழுதியவர் இப்னு பதூதா. கியாதுத்தீன் அவருக்குச் சகலை. ஆனாலும், கைதிகளோடு பெண்களையும் குழந்தைகளையும் அந்த சுல்தான் கொன்றதை அருவருப்பான செயல் என்று கண்டித்து, அவருடைய சீக்கிர மரணத்துக்கு அதுவே காரணம் என்றும் எழுதினார். வல்லாளரின் படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

எப்படிப் படிப்பது?

இந்த வரலாற்றை எடுத்துவைத்து "பார், இவர்கள் அப்படித்தான்" என்று இன்று ஒருவர் எழுதினால், நடக்கவே இல்லை என்று நாம் மறுக்கக் கூடாது. நடந்தது. ஒரு சுல்தானின் கொடுமையை ஒரு காஜியே பதிவு செய்திருக்கிறார். நாம் மறுக்க வேண்டியது அதிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான். முஸ்லிம் ஆளுநர் முஸ்லிம் சுல்தானை எதிர்த்த, இந்து மன்னரிடம் முஸ்லிம் வீரர்கள் பணியாற்றிய காலம் அது. அதற்கு இன்றைய திருவண்ணாமலைக் கடைவீதியில் கடை வைத்திருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்?

ஆகவே எந்த அரசியல் விமர்சனத்தைப் படித்தாலும் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்: சொன்ன தகவல் சரியா? கேலி ஆட்சியாளர் மீதா, ஒரு சமூகத்தின் மீதா? தகவலிலிருந்து முடிவுக்கு நியாயமாக வந்திருக்கிறாரா? நம்மவர் எழுதியதையும் இதே தராசில் நிறுங்கள். சொந்தக்காரர் என்பதற்காக இப்னு பதூதா மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம்.