ப்ரொபெல்லரை எங்கே வைப்பது?

ஆழமில்லாத தண்ணீரில் இன்ஜின் படகு ஓட்ட நினைக்கிற எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான். ப்ரொபெல்லரை எங்கே வைப்பது? படகுக்கு அடியில் வைத்தால் தரை தட்டும். மேலே தூக்கினால் தண்ணீரைப் பிடிக்காது. கடந்த எழுபது வருடங்களில் இதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று ஜெட் போட். இன்னொன்று, வடசென்னைக் கடற்கரையில் தினமும் பார்க்கக் கிடைக்கிற நீளத்தண்டு இன்ஜின். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க ஆரம்பித்தால், பேச்சு படகில் தொடங்கி, படகை ஏற்றி நிறுத்துகிற இடத்தில் போய் நிற்கிறது. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகப்போகிறது.

முதலில் ஜெட் போட். அதற்கு வெளியே ப்ரொபெல்லர் கிடையாது. அடிப்பகுதியில் கம்பித் தடுப்பு போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய்முனை வழியாக வேகமாகப் பீய்ச்சினால் படகு முன்னால் ஓடும். குழாய்முனையைத் திருப்பினால் படகு திரும்பும். முனைக்கு மேல் ஒரு மூடியை இறக்கினால் தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பி, படகு பின்னால் வரும். கிணற்றடி பம்ப்செட்டைத் தூக்கிப் படகில் படுக்க வைத்த மாதிரி. இது சும்மா சொல்கிற உவமை இல்லை. 1970களில் அமெரிக்காவில் விற்ற ஜெட் போட்டுகளில் நிறைய படகுகளுக்கு உந்துபொறி செய்து கொடுத்தது பெர்க்லி என்ற கம்பெனி. அது அடிப்படையில் விவசாயப் பம்ப் செய்கிற கம்பெனி.

அந்தக் காலத்துப் படகுகளை இப்போது வாங்கி, வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் ஒரு தனி ஜாதி. வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பின்பலகையையும் தரையையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ஃபைபருக்கு உள்ளே மூடி வைத்த மரச் சட்டங்கள் உளுத்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். உளுத்ததை அறுத்து எடுத்துப் புது மரம் வைத்து, மேலே மறுபடி ஃபைபர் போட வேண்டும். அடுத்து பம்ப். உள்ளே சுழலும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் இடைவெளி மயிரிழைதான் இருக்கலாம். மணல் தேய்த்துத் தேய்த்து இடைவெளி கூடிவிட்டால், இன்ஜின் கத்தும், படகு நகராது. மூன்றாவதுதான் இன்ஜின். பழைய ஓல்ட்ஸ்மொபைல் காரின் 455 கன அங்குல வி-எட்டு இன்ஜினை இதற்கென்றே தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்டும் சீட்டும் கடைசியில்.

யானைக்கவுனியில், சைக்கிள் நிறுத்தவே பக்கத்து வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டிய ஒரு மாடிக் குடித்தனத்தில் உட்கார்ந்து இந்த வீடியோக்களைப் பார்க்கிறவன் நான். என் கண் இன்ஜின் மேல் நிற்பதில்லை. அந்த கராஜின் மேல்தான் நிற்கிறது. படகு மாதக்கணக்கில் காய்ந்துகொண்டு நிற்கலாம், யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஜெட் போட்டின் பிறப்பிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. நியூசிலாந்தின் தென்தீவில், மெக்கன்சி பகுதியில், அயர்ஷ்மன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணை. உரிமையாளர் பில் ஹாமில்டன். மண் தோண்டும் இயந்திரங்களைப் பண்ணைப் பட்டறையிலேயே செய்து பார்த்தவர். அவரைச் சுற்றி இருந்த ஆறுகள் எல்லாம் கூழாங்கல் மேல் முழங்கால் ஆழத்தில் விரிந்து ஓடுபவை. சாதாரண மோட்டார் படகு அதில் பத்து நிமிடம் தாங்காது. 1950களின் தொடக்கத்தில் 12 அடி பிளைவுட் படகு ஒன்றில் பம்ப் வைத்துப் பார்த்தார். தண்ணீரைப் படகுக்கு அடியில் பீய்ச்சியபோது வேகம் வரவில்லை. குழாய்முனையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்ததும் படகு பறந்தது. 1960இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனை எதிர்நீச்சலில் ஏறின. 1977இல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் போட்டுகளோடு வங்கக் கடலில் இருந்து கங்கையில் ஏறிப் போனார். படகுகளின் பெயர் கங்கா, கிவி, ஏர் இந்தியா. நந்தப்பிரயாகைக்குப் பக்கத்தில் ஒரு அருவி வழியை மறிக்கும்வரை அவை ஏறின.

சரி, கங்கை வரைக்கும் வந்த படகு நம் கடற்கரைக்கு ஏன் வரவில்லை? ஆழமில்லாத தண்ணீர் என்றால் மெட்ராஸைவிடப் பொருத்தமான ஊர் வேறு உண்டா? அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கவுனி என்றால் நகரின் வாசல். யானைக்கவுனி, பிரிட்டிஷ்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் ஒரு வாசல். மதில் போய்விட்டது, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மிச்சமிருக்கிறது. இந்த வாசலில் இருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். ஆனால் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இருப்பது அலை உடையும் பகுதி. வரிசை வரிசையாக அலை எழுந்து மணல் திட்டில் மோதி உடையும். கப்பலோடு வந்த ஐரோப்பியச் சிறுபடகுகள் அங்கே வந்தால் உடைந்து போகும். ஆணி அடித்து இறுக்கிய உடம்பு, அடி வாங்கும்போது வளையாது, பிளந்துவிடும்.

இங்கே இருந்தவர்களின் பதில், ஆணியே அடிக்காதே என்பது. மசூலா படகு, நம் பேச்சில் சலங்கு, மெல்லிய பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் செய்தது. உள்ளே விலா எலும்பு மாதிரியான சட்டங்கள் கிடையாது. தையலுக்கு அடியில் நாரும் வைக்கோலும் வைத்து அடைத்திருப்பார்கள். அலையில் அடித்தால் மொத்த உடம்பும் கூடை மாதிரி நெளியும். ஊருக்குள் வந்த கவர்னர், துரைசானி, பீங்கான், ஒயின், குதிரை எல்லாமே இந்தத் தையலை நம்பித்தான் கரை ஏறின. கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் தூக்க.

கட்டுமரத்தை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனது அதன் பராமரிப்பு. மரக்கட்டைகள் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும். அதனால் கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டு. ஒரு கட்டை கெட்டுப்போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். சலங்கின் தையலும் அப்படித்தான், நைந்தால் பிரித்துத் தைக்கலாம். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எந்த இடத்திலும் பிரிக்க முடிகிற, மற்றதைத் தொடாமல் ஒரு பாகத்தை மாற்ற முடிகிற ஒரு அமைப்பைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அந்த அமைப்புக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. வீட்டு வாசலில் அகலமான மணல் வேண்டும். அதுதான் அவர்களுடைய கராஜ்.

அந்த மணலுக்கு என்ன ஆனது என்பது துறைமுகத்தின் கதை. 1861இல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். 1875இல் கல் கரங்களை நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து, நுழைவாயிலைக் கிழக்கில் இருந்து வடகிழக்குக்கு மாற்றிய பிறகுதான் துறைமுகம் உருப்படியானது.

நம் கடற்கரையில் மணல் நின்றுகொண்டிருப்பதில்லை. வருடம் முழுவதையும் கணக்குப் போட்டால், அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. குறுக்கே கல் கரம் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அப்படி வந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஆனால் அலை மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொண்டே இருந்தது. ராயபுரம் தொடங்கி வடக்கே வீடும் கோயிலும் தெருவும் கடலுக்குள் போயின. தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் சாலையைக் காப்பாற்றியது. கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போட கல்லின் மேல் இடம் இல்லை. ஒரே கட்டுமானம், கப்பலுக்கு அலைத் தொல்லையைத் தீர்த்து வைத்துவிட்டு, கட்டுமரக்காரரின் பட்டறையை எடுத்துக்கொண்டது.

இன்ஜின் வந்தது இதற்குப் பிறகு. 1979இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, மெட்ராஸை மையமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் படகுப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட கணக்கும் ஹாமில்டனின் கணக்குதான்: அலையைத் தாண்டி மணலில் ஏறும் படகில் ப்ரொபெல்லரை எங்கே வைப்பது? அவர்கள் பம்ப் பக்கம் போகவில்லை. சின்ன டீசல் இன்ஜின், தண்டு, ப்ரொபெல்லர் மூன்றையும் ஒரே துண்டாக்கி, அந்தத் துண்டையே சாய்க்கிற மாதிரி செய்தார்கள். கரை நெருங்கும்போது சாய்த்தால் ப்ரொபெல்லர் மேலே ஏறிக்கொள்ளும்.

ஏன் ஜெட் இல்லை? கொஞ்சம் இயற்பியல், நிறைய மணல். ஜெட், குறைந்த தண்ணீரை அதிவேகத்தில் தள்ளுகிறது. படகும் அதிவேகத்தில் போனால்தான் அது லாபம். வலை இழுக்கிற படகு மணிக்கு ஆறேழு கடல்மைல் போகும். அந்த வேகத்தில், நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிற பெரிய ப்ரொபெல்லருக்குத்தான் டீசல் கட்டுப்படியாகும். அடுத்து, அலை உடையும் இடத்துத் தண்ணீரில் பாதி மணல். மயிரிழை இடைவெளியை நம்பி இருக்கிற பம்ப் எத்தனை நாள் தாங்கும்? அறுந்த நைலான் வலையும் பிளாஸ்டிக் பையும் போய் வாயை அடைத்தால், நடுக்கடலில் யார் கை விட்டு எடுப்பது?

கடைசியில் கரையில் நிலைத்தது நீளத்தண்டு. தாய்லாந்துக் கால்வாய்களில் புழங்கும் அதே யோசனை. ஒரு டீசல் இன்ஜின், அதில் இருந்து நீளும் இரும்புத் தண்டு, முனையில் சின்ன ப்ரொபெல்லர். மொத்தமும் ஒரு முளையில் உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால் ப்ரொபெல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். வலை சிக்கினால் தூக்கி, அங்கேயே அறுத்து எறியலாம். வயலில் தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்குச் சொந்தக்காரன் என்பதால், பழுது பார்க்க மெக்கானிக் எங்கும் கிடைப்பார். பண்ணைப் பம்ப் அங்கே ஜெட் போட் ஆனது, இங்கே அதன் இன்ஜின் லாங் டெயில் ஆனது.

2004 டிசம்பர் 26 சுனாமி மிச்சக் கட்டுமரங்களையும் அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாகக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. சில ஊர்களில் அவற்றுக்கு 'மாருதி' என்றே பெயர். வேகமானவை, உளுக்காதவை. ஆனால் அவிழ்க்க முடியாதவை. விரிசல் விட்டால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசினில் ஹார்ட்னர் கலந்து பூச வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேடு முழுக்க அப்போது பழுது வேலைதான் நடக்கும். அப்படி ஒரு மே மாதம் ஃபைபர் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம், பூசியது எத்தனை நேரத்தில் இறுகும் என்று கேட்டேன்.

"இந்த வெயில்ல கலக்கறதுக்குள்ளயே இறுகிடும் தம்பி. அது ஒரு மேட்டரே இல்ல. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கற தண்ணி காயணும். ஈரத்து மேல ஒட்டனா நாலு நாள்ல பேந்துக்கும்."

"எத்தனை நாள் காய வைப்பீங்க?"

"நாளா முக்கியம்? எடம் இருந்தா ஒரு வாரம் கூட போடலாம். இங்க பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சினே இருக்கான். பாதி காஞ்சதுமே ஒட்டி அனுப்பறதுதான். திரும்ப வரும்."

திரும்ப வரும் என்பதை அவர் சலிப்பே இல்லாமல் சொன்னார். அரைகுறையாகக் காய்ந்த ஒட்டு நடுக்கடலில் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், அந்தப் படகில் போகிறவருக்கும் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, படகுகளும் வலைகளும் கறுத்துப்போன படங்களை எல்லோரும் பார்த்தோம். வலைக்கும் இன்ஜினுக்கும் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு எடுக்க முடியும். படகை ஏற்றிக் கவிழ்த்துக் கழுவ எத்தனை அடி கரை மிச்சமிருக்கிறது என்பதற்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

கரைக்கு மட்டும் இல்லை, கால்வாய்க்கும் இதே கதைதான். யானைக்கவுனிக்கு வடக்கே இருக்கிற பேசின் பிரிட்ஜில் 'பேசின்' என்பது படகுகள் வந்து நிற்கிற நீர்த்தொட்டி. பேசில் காக்ரேன் 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அங்கே முடிந்தது. பின்னால் அது பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது. உப்பும் விறகும் படகில் வந்து இறங்கின. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு ரயில் பணிமனை ஞாபகம் வரும்.

2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையில் ஒரு வரி உண்டு. மீனவர்களுக்காகக் கரையோரம் அனுமதிக்கப்படும் வசதிகளின் பட்டியலில் மீன் காயவைக்கும் களம், வலை பழுதுபார்க்கும் இடம், மரபுப் படகு கட்டும் இடம் எல்லாம் வருகின்றன. சட்டம் அனுமதி கொடுத்துவிட்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கருங்கல் சுவரின் மேல் நின்று பார்த்தால், அனுமதி கொடுத்த அந்த இடம் எங்கே என்று கையை நீட்டிக் காட்ட முடியாது. கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு படகின் அகலம்கூட இல்லாத இடங்கள் உண்டு. சாலையோரம், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், இரண்டு டயரின் மேல் கவிழ்த்து வைத்த ஃபைபர் படகு ஒன்று பெரும்பாலும் நிற்கும். அடுத்த முறை அந்த வழியாகப் போனால் அதன் வயிற்றுப்பக்கம் பாருங்கள். ஒட்டின் மேல் ஒட்டு, வேறு வேறு நிறத்தில். லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த ஆறடியில்தான் அது காய்ந்துகொண்டிருக்கிறது.