இரட்டைக் குழல் ரைபிளில் யார் பேர் இருக்கு?

தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாள் எங்க வீட்டுல ஒரு வேலை தவறாம நடக்கும். தாத்தா தன்னோட துப்பாக்கியைப் பழைய வேட்டியில சுத்தி எடுத்துட்டுப் போய், போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கிட்டு வருவார். இடைத்தேர்தலுக்குப் பேர் போன திருமங்கலத்துல அந்த ரசீதுகளே ஒரு கட்டு சேர்ந்துபோச்சு.

போன வருஷம் தாத்தா தவறிட்டார். லைசென்ஸ் அவர் பேர்லதான் இருந்தது. அதனால துப்பாக்கி இப்போ ஒரு கடையில டெபாசிட்டா இருக்கு. வாரிசு யாராவது லைசென்ஸ் வாங்கணும், இல்லைன்னா விக்கணும், இல்லைன்னா ஒப்படைச்சிடணும். "எதுக்குடா வம்பு, குடுத்துரு"ங்கிறாங்க அம்மா. மாமா விடல. "பக்கத்துல பூ வேலைப்பாடு இருக்குல்ல? வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக் குழல்டா. ஏலத்துல கோடிக்குப் போகும்."

மாமா சொன்னதுல ஒரு பாதி உண்மை. கோடிக்குப் போற இரட்டைக் குழல்கள் இருக்கு. ஆனா எங்க தாத்தாவோடது குருவி, முயலுக்கான பன்னிரண்டு போர். வழவழப்பான குழல், சிதறுற ரவை. கோடி கேக்குறது பெரிய காலிபர் டபுள் ரைபிள். குழலுக்குள்ள சுருள் வரி வெட்டி, யானையையும் காட்டெருமையையும் நிறுத்துறதுக்காகச் செஞ்சது. அதோட மதிப்பு எங்கிருந்து வருதுங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல எதுக்கு ரெண்டு குழல்? யானை பாய்ஞ்சு வரும்போது முதல் தோட்டா தவறினா, அடுத்ததைப் போட்டு இழுக்க நேரம் கிடையாது. அதனால ரெண்டு குழல், ரெண்டு விசை. ஒரு பக்கம் பழுதானாலும் இன்னொரு பக்கம் வேலை செய்யும். எங்க ஆபீஸ்ல மெயின் சர்வர் விழுந்தா பேக்கப் எழுந்துக்கும்ல, அதே கணக்கு. .470 காலிபர் தோட்டாவோட ஈயக்குண்டு மட்டும் 500 கிரெய்ன், அதாவது 32 கிராம் சொச்சம். ரைபிள் எடை ஏறக்குறைய அஞ்சு கிலோ.

கஷ்டம் எங்கன்னா, ரெண்டு குழலும் ஒரே இடத்துல சுடணும். பக்கத்துப் பக்கத்துல நேரா ஒட்டினா போதும்னு தோணும். ஆனா வலது குழல் வெடிக்கும்போது ரைபிள் வலது பக்கமா உதைச்சு ஏறும். இடது குழல்னா இடது பக்கமா. அதுக்கு ஈடா ரெண்டு குழலும் முனையை நோக்கிக் கொஞ்சம் நெருங்கி வர்ற மாதிரி வெச்சு ஈயப் பற்று போடுவாங்க. சுட்டுப் பார்ப்பாங்க. விலகினா பற்றை உருக்கி, நடுவுல இருக்கிற ஆப்பை ஒரு நூல் நகர்த்தி, மறுபடி பற்று வெச்சு, மறுபடி சுடுவாங்க. இதுக்கு ஃபார்முலா கிடையாது. ஒரு ஆள், ஒரு தோள், பல நாள். லண்டன்ல இன்னிக்குப் புதுசா ஒரு உயர்தர டபுள் ரைபிள் செய்யச் சொன்னா ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுறதுக்கு முதல் காரணம் இந்த உழைப்புதான்.

ரெண்டாவது காரணம், நகாசு வேலை. இரும்பு மென்மையா இருக்கும்போதே சின்ன உளியால சுருள் கொடி, ரோஜாக் கொத்து, புலி, யானை எல்லாம் வெட்டிடுவாங்க. அதுக்கப்புறம்தான் எலும்புக் கரி, மரக் கரியோட சேர்த்துச் சூடாக்கித் தண்ணியில முக்கி மேல்தோலைக் கெட்டியாக்குவாங்க. கெட்டியானதுக்கு அப்புறம் உளி ஏறாது. தப்பா வெட்டினா 'அன்டு' பட்டனும் கிடையாது. அழகு ஒரு பக்கம். வெட்டுவேலை நெருக்கமா இருந்தா இரும்பு வெயில்ல பளிச்சுனு கண்ணைக் கூசாதுங்கிறது இன்னொரு பயன்.

சரி, இதையெல்லாம் யார் வாங்கினாங்க? பெரிய வாடிக்கையாளர்கள்ல இந்திய மகாராஜாக்களும் இங்க இருந்த வெள்ளை அதிகாரிகளும் உண்டு. மத்தவங்களால முடியாது, காசு மட்டும் காரணமில்ல. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்களுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு.

அந்தப் பயம் காலிபர் வரைக்கும் போச்சு. 1898-ல ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்னு ஒரு தோட்டா கொண்டுவந்து பெரிய பேர் வாங்கினாங்க. ராணுவத்தோட பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் .450 வகைதான். அதோட குண்டு கலகக்காரங்க கைக்குப் போயிடுமோன்னு 1907 வாக்குல இந்தியாவிலும் சூடானிலும் அந்தக் காலிபருக்கே தடை போட்டாங்க. வியாபாரம் போயிடுமேன்னு கம்பெனிகள் அவசரமா .465, .470, .475-ன்னு புதுசு புதுசா இறக்கினாங்க. இன்னிக்கு ஆப்பிரிக்க வேட்டையில .470 ஒரு கிளாசிக். அது பிறந்ததுக்குக் காரணம் இங்க போட்ட ஒரு தடை உத்தரவு.

இப்போ பேர் விஷயத்துக்கு வர்றேன். மதுரையில பாத்திரக் கடைக்குப் போனா எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டித் தருவாங்க. 'அன்பளிப்பு: தாய்மாமன்'னு இருக்கும். வெட்டினவர் பேர் இருக்காது. டபுள் ரைபிளும் அப்படித்தான். குழல் மேல கடைப் பேர் இருக்கும். சில சமயம் செஞ்ச பட்டறை ஒண்ணு, விக்கிற கடை ஒண்ணு. சென்னை மவுண்ட் ரோட்டுல பி. ஓர் அண்ட் சன்ஸ்னு கடிகாரத்துக்குப் பேர் போன கடை இருக்கே, அவங்க பேர் பொறிச்ச பழைய துப்பாக்கிகள் இன்னும் ஏலத்துக்கு வருது. வாங்கின ராஜாவோட சின்னம் இருக்கும். ராத்திரி பகலா கண்ணைக் கெடுத்துக்கிட்டுச் சுருள் வெட்டின ஆளோட பேர் பெரும்பாலும் இருக்காது. இருபதாம் நூற்றாண்டோட பின்பாதியில கென் ஹன்ட் மாதிரி சிலர் பேர் எடுத்த பிறகுதான் 'இது யார் கை'னு கேட்டு வாங்குற வழக்கம் பரவிச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒரு துப்பாக்கி. 1793-94-ல திப்பு சுல்தானுக்காகச் செஞ்சது. வெள்ளி பதிச்ச மரக்கட்டை, 138 சென்டிமீட்டர் நீளம். ரைபிள் இல்ல, பறவை சுடுற துப்பாக்கிதான். ஆனா அதுல செஞ்சவர் பேர் இருக்கு: அசத் கான் முகமது. 2023 மே மாசம் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாதுன்னு பிரிட்டன் தற்காலிகத் தடை போட்டப்போ சொன்ன மதிப்பு 20 லட்சம் பவுண்டு. திப்புவோட அப்பா ஹைதர் அலி 1755-ல ஃபௌஜ்தாரா இருந்து, பிரெஞ்சுக்காரங்க உதவியோட ஆயுதச் சாலை போட்டது எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம திண்டுக்கல்ல.

ஜிம் கார்பெட்டோட டபுள் ரைபிள் இன்னொரு பாடம். ஜெஃப்ரி கம்பெனியோட .450/400. மகாராஜாக்கள் வாங்கின ரகத்துக்கு முன்னாடி ரொம்பச் சாதாரணம். ஆனா 2015-ல அமெரிக்காவுல ரெண்டு லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்த விலை இரும்புக்கும் இல்ல, பூவுக்கும் இல்ல. இது இன்னார் கையில இருந்ததுங்கிறதுக்குச் சாட்சி இருக்கு பாருங்க, அதுக்கு.

சாட்சி இல்லாமப் போனா என்ன ஆகும்? நம்ம பக்கத்துலயே சாப்டூர், பேரையூர்னு பாளையங்கள் இருந்தன. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட பிறகு, கம்பெனி தென் பாளையங்கள்ல கோட்டைகளை இடிச்சு ஆயுதங்களைப் பறிச்சது. அடுத்து தஞ்சாவூர். அரண்மனை ஆயுதச் சாலையில தலைமுறை தலைமுறையா வெட்டுவேலை செஞ்ச வாள், கட்டாரி எல்லாம் 1860-கள்ல உடைபட்டுப் பழைய இரும்பா எடைக்குப் போச்சு. தப்பிச்ச கொஞ்சம்தான் எழும்பூர் மியூசியத்துல இருக்கு. அதே காலகட்டத்துல லண்டன் கடைகள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நம்பர் போட்டு, யாருக்கு எப்போ வித்தோம்னு லெட்ஜர்ல எழுதிட்டு இருந்தாங்க. வேலைப்பாட்டுல நம்ம ஆளுங்க குறைஞ்சவங்க இல்ல. இன்னிக்கு அவங்க துப்பாக்கி கோடிக்குப் போறதுல அந்த லெட்ஜருக்குப் பெரிய பங்கு இருக்கு.

இந்தியாவுல மிச்சம் இருக்கிற ராஜா வீட்டு ரைபிள்களோட நிலைமையும் சிக்கல்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தோட வேட்டை முடிஞ்சுது. அதே வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளை வெளிநாட்டுக்கு விக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான்.

போன வாரம் நானும் மாமாவும் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கிப் பார்த்துட்டு, "பூ எல்லாம் மெஷின்ல உருட்டினது தம்பி, உளி வேலை இல்ல. நம்ம நாட்டுச் சரக்குதான்"னார். அவர் சொன்ன விலைக்கு என் லேப்டாப்ல பாதி வரும். மாமா திரும்பி வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

நான் லைசென்ஸ் எடுக்கப் போறதில்ல, துப்பாக்கியை ஒப்படைக்கப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி நம்பர் தெரியற மாதிரி நாலு போட்டோ எடுத்தேன். லைசென்ஸ் புக்கோட ஒவ்வொரு பக்கத்தையும், தேர்தல் ரசீதுக் கட்டையும் ஸ்கேன் பண்ணினேன். முதல் பக்கத்துல தாத்தாவோட கைநாட்டு. நடுவுல எங்கேயோ கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டார் போல, கடைசி மூணு புதுப்பித்தல்ல கோணலா அவர் பேர் இருக்கு. எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியல.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பழைய பொருள் இருந்தா, விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி அதைப் பத்தி நாலு வரி எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.