குடிசையிலிருந்து குடிக்கூலி வரை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், அம்மக்கள் யாருடைய நிலத்தில் குடியிருந்தனர், யார் சொன்னால் வெளியேற வேண்டியிருந்தது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். இன்று நம்மவருள் சிலர் சொந்த வீடு கட்டி, மாடியையோ பின்கட்டையோ குடிக்கூலிக்கு விடும் நிலையை எய்தியிருக்கின்றனர். இந்நிலை எவ்வாறு வந்தது, இதனை எவ்வாறு காப்பது என்பதை நம் இளைஞர்கள் உணர்தல் வேண்டும் என்னும் கருத்தினாலேயே இதனை எழுதுகிறோம்.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடிசை நின்ற மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தமையால், எதிர்த்துப் பேசியவன் வேலையோடு வீட்டையும் இழக்க நேர்ந்தது என்பது அதனால் வெளிப்பட்டது. அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. 1920இல் தொழிலாளர் நலத்துக்கெனத் தனி ஆணையர் அமர்த்தப்பட்ட பின், மனையிடங்களைக் கையகப்படுத்தி வழங்கும் பணி தொடங்கிற்று. பல இடங்களில் நம் முன்னோர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனையின் விலையைத் தவணை முறையில் திருப்பிச் செலுத்தினர். அரசு கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் என்று நம்மை ஏளனம் செய்வோர் இதனை அறியார்.

கொங்கு நாட்டில் பண்ணையாளின் குடிசை பண்ணையத்துக்குரியவரின் தோட்டத்திலேயே இருந்தது. நம் கண்முன் நிற்கும் ஆனைமலை மலைத்தொடரிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடு திருத்திக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தொடங்கினர். கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற தொழிலாளருள் பெரும்பகுதியினர் நம் மக்களே. அவர்கள் பட்ட துன்பத்தை, அங்கு மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் 1969இல் வெளியான 'ரெட் டீ' என்னும் நாவலில் பதிவு செய்தார். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கட்டித் தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. எனினும் லைன் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த கைகள், மலையிறங்கி வந்து வாடகை வீட்டுக் கதவுகளைத் தட்டின. "எந்த ஊருங்க?" என்று தொடங்கும் உரையாடல் "என்ன ஆளுங்க?" என்பதில் போய் முடிவதை நம்மில் அறியாதார் யார்?

அறிவர் அம்பேத்கருக்கும் இதுவே நேர்ந்தது. வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பி, 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியவரை, உண்மை தெரிந்ததும் தடி ஏந்தி வந்தோர் வெளியேறச் சொன்னார்கள். அடைக்கலம் கேட்ட நண்பர்களும் கைவிரிக்க, அன்றிரவே பம்பாய்க்கு இரயில் ஏறினார். பின்னாளில் அவர் பம்பாய் தாதரில் 'இராஜகிருகம்' என்னும் இல்லத்தை எழுப்பித் தம் நூல்களுக்கு அங்கே இடம் அமைத்தார். படிப்பு வீட்டைத் தந்தது. வீடு படிப்பைக் காத்தது.

தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் மனையில் குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அம்மனையையே உரிமையாக்கிற்று. 1974இல் 'தாட்கோ' நிறுவனம் தோன்றியது. வீட்டுமனைக்காக நிலம் கையகப்படுத்துவதை எளிதாக்க 1978இல் தனிச்சட்டம் வந்தது. இத்தனை படிகளைக் கடந்தே நம் பெயரில் ஒரு பட்டா எழுதப்பட்டது. அதனை ஒரு திருமணச் செலவுக்கும் ஒரு கைமாற்றுக் கடனுக்கும் இழத்தல் தகுமோ?

வீட்டை வருவாய் தரும் முதலாகக் கருதுவோர் முதலில் பட்டாவைப் படித்தல் வேண்டும். அரசு ஒப்படை செய்த மனையாயின், விற்பனைக்கும் அடமானத்துக்கும் நிபந்தனைகள் இருக்கும். பஞ்சமி நிலமாயின் பிற சமுதாயத்தார்க்கு மாற்ற இயலாது. விலைக்கு வாங்கும் மனையாயின் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பாராமல் முன்பணம் கொடுத்தல் கூடாது.

அடுத்தது கணக்கு. எடுத்துக்காட்டாக, 6,00,000 ரூபாயில் ஒரு பகுதி கட்டி மாதம் 4,000 ரூபாய்க்கு விடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 4,000, வரிக்கும் பழுதுக்கும் 8,000 கழித்தால் மீதி 36,000. அதாவது நூற்றுக்கு 6. அப்பணத்தை மாதம் நூற்றுக்கு 2 வட்டிக்கு வாங்கியிருந்தால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகும். அவ்வீடு நம்மைத் தாங்காது. நாமே அதனைத் தாங்க நேரும். சிறுகச் சேமித்து, வங்கியின் குறைந்த வட்டிக் கடனில் அளவறிந்து கட்டுவதே அறிவுடைமை.

குடிவைத்த பின் வாய்ச்சொல்லை நம்புதல் இரு தரப்புக்கும் கேடு. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிவு செய்தலும் அதன்படி கடமை. ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்படாவிடின், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்தொகை பெறலாகாது. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஒருவரை வெளியேற்ற முயல்வதும் சட்டப்படி தவறு. வாடகைக்கு இரசீது தருக. வாடகையில் ஒரு பங்கைப் பழுது பார்க்கவென ஒதுக்குக. மழைக்கு முன் கூரையைப் பார்த்திடுக.

இளைஞர்களே! சாவி இப்போது நம் கையில் வந்திருக்கிறது. வீடு கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது தொழிலும் ஒழுங்கும், சாதியன்று. நம்முள்ளேயே ஒரு பிரிவார் மற்றொரு பிரிவாரைத் திருப்பியனுப்பும் இழிவு எங்கேனும் இருப்பின் அது இன்றே ஒழிக. மலையிறங்கி வரும் முதியவருக்கு முதலில் திறக்கும் கதவு நம் கதவாக இருக்கட்டும். வரும் வாடகையில் முதற்பங்கு பிள்ளைகளின் படிப்புக்கு ஆகட்டும். வெளியேறு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த மக்கள், வருக என்று சொல்லும் உரிமையைப் பெற்றிருக்கிறோம். அவ்வுரிமையை மாண்புடன் ஆள்வோமாக!