ஒரிஜினல் அத்தோ எங்கே கிடைக்கும்? ரங்கூனிலிருந்து வடசென்னைக்கு வந்த ஒரு தட்டின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சாண்ட்விச்ல ஆரம்பிச்சு, ஒரு தட்டு நூடுல்ஸ்ல முடியப் போகுது. நடுவுல ஒரு உலகப் போர், ஒரு ராணுவப் புரட்சி, ரெண்டு மூணு கப்பல் எல்லாம் வரும். பொறுமையா கேளுங்க.

என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் நியூயார்க்காரர், யூதர். ரெண்டு வருஷமா சென்னையில இருக்கார். இட்லி, பிரியாணி எல்லாம் நல்லாவே சாப்பிடுவார். ஆனா மாசத்துக்கு ஒரு தடவை அவருக்கு ஒரு ஏக்கம் வந்துடும். பாஸ்ட்ராமி சாண்ட்விச் வேணும். மசாலா தடவி, ஊறவெச்சு, புகையில வெச்சு, ஆவியில வேகவெச்ச மாட்டு நெஞ்சுக்கறி. அதை மெல்லிசா சீவி, கம்பு மாதிரி ஒரு தானியமான ரையில செஞ்ச ரொட்டிக்கு நடுவுல அடுக்கி, கடுகு விழுது தடவிக் கொடுப்பாங்களாம். சென்னை முழுக்கத் தேடினார். பேர் இருந்த இடத்துல ருசி இல்ல. "இது அது இல்ல"ன்னு சொல்லிட்டு பாதியிலேயே வெச்சிடுவார்.

இதை வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட சொன்னேன். நாங்க எண்ணூர், பர்மா நகர். ஆயா கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு: "பாவம், அந்தப் புள்ளைக்கு நாக்கு ஊர்லயே இருக்கு. எனக்கும் அப்படித்தான்டா."

ஆயாவுக்கு எது ஊர்? அந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

வடசென்னையில வளர்ந்தவங்களுக்கு அத்தோ தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சாயங்காலம் பீச் ஸ்டேஷன்ல இறங்கி, பர்மா பஜார், செகண்ட் லைன் பீச் பக்கம் நடந்தா தள்ளுவண்டிகள் நிக்கும். ஆரஞ்சு நிறத்துல தடிமனான நூடுல்ஸ். அதுமேல பொடியா நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு தாளிச்ச எண்ணெய். கூடவே பேஜோன்னு ஒரு மொறுமொறு வடைத்தட்டையை நொறுக்கிப் போடுவாங்க. எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு தட்டுல வெப்பாங்க. பக்கத்துல ஒரு கிண்ணம் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி, உள்ள பொரிச்ச வெங்காயமும் புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் விட்டுக் கொடுக்கிற மசாலா முட்டையும் உண்டு.

அத்தோங்கிறது பர்மிய மொழிச் சொல். கையால கலந்து பிசைஞ்சது, அதாவது சாலட் மாதிரின்னு அர்த்தம். பேஜோன்னா பொரிச்ச பருப்பு. அந்த வாழைத்தண்டு சூப்புக்கு அங்க மொஹிங்கான்னு பேரு. சரி, இந்த மூணு பர்மியச் சொல்லும் துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கிற தள்ளுவண்டிக்கு எப்படி வந்துச்சு?

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு கீழ் பர்மாவும் ரங்கூனும் பிரிட்டிஷார் கைக்குப் போயின. 1886-ல் மொத்த பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆக்கப்பட்டது. ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து நெல் வயல்களாக்கினார்கள். வயலுக்கு ஆள் வேண்டும், ஆலைக்கு ஆள் வேண்டும், துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். கடன் கொடுக்கச் செட்டியார்களும் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

யோசிச்சுப் பாருங்க, பர்மாவோட தலைநகரத்துல பர்மியர்களே சிறுபான்மை. அந்தக் கோபம் எங்கயாவது வெடிக்கத்தான் செய்யும். 1930-லயும் 1938-லயும் இந்தியர்களுக்கு எதிரா ரங்கூன்ல கலவரம் நடந்துச்சு. நம்ம ஆளுங்க பாவம்னு மட்டும் இந்தக் கதையைச் சொல்லிட முடியாது. மந்தநிலைக் காலத்துல கடனைக் கட்ட முடியாம டெல்டா விவசாயிகளோட நிலம் பெரிய அளவுல செட்டியார்கள் கைக்கு வந்ததும் இதே வரலாறுதான். ஆனா கோபத்தோட விலையை அதிகமா கொடுத்தது மூட்டை தூக்கினவங்க.

1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலானவர்கள் நடந்தே, மலையும் காடும் தாண்டி. பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்துப் போனார்கள். 'பராசக்தி' பார்த்திருப்பீங்க. 1952-ல் வந்த அந்தப் படத்துல சகோதரர்கள் ரங்கூன்லதான் இருப்பாங்க, போர்தான் அந்தக் குடும்பத்தைச் சிதறடிக்கும். அன்னைக்குத் தியேட்டர்ல உட்கார்ந்திருந்த பல பேருக்கு அது சொந்த வீட்டுக் கதை.

போர் முடிஞ்சதும் நிறைய பேர் திரும்பிப் போனாங்க. ஆயாவோட அப்பாவும் போனார். ரங்கூன்ல ஒரு சின்ன மளிகைக்கடை வெச்சார். ஆயா பிறந்தது அங்க, 1949-ல, பர்மா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் கழிச்சு.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள், ஆலைகள், அப்புறம் 1964-ல் கடைகள் என வரிசையாக அரசுடைமை ஆக்கப்பட்டன. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போச்சு, கல்லாப்பெட்டியில இருந்த காசும் போச்சு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அதில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

ஆயா 1965-ல கப்பல் ஏறினப்போ வயசு பதினாறு. காதுல கிடந்த தோட்டைக்கூட கழட்டி வாங்கிக்கிட்டாங்கன்னு சொல்லும். மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினதும் ஒரு தாள் கொடுத்தாங்களாம். அதுல 'தாயகம் திரும்பியோர்'னு எழுதியிருந்துச்சாம்.

இந்த வார்த்தையில ஆயாவுக்கு இன்னும் கோபம் இருக்கு. "நான் எங்கடா திரும்பினேன்? அன்னைக்குத்தான் மொத தடவையா வந்தேன்."

இங்கதான் என் அமெரிக்க நண்பருக்கும் ஆயாவுக்கும் வித்தியாசம். அவர் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஊர் ருசியைத் தேடறார். ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போயிடுவார். ஆயா 'சொந்த ஊர்'ல இருந்துக்கிட்டு வெளிநாட்டு ருசியைத் தேடுச்சு, தேடிக்கிட்டே அறுபது வருஷம் ஆச்சு. திரும்பிப் போக முயற்சி பண்ணவங்களும் உண்டு. தமிழ்நாட்டுல ஒட்ட முடியாம, மணிப்பூர் வழியா நடந்தே பர்மாவுக்குள்ள நுழையப் போனாங்க. எல்லையில ராணுவம் தடுத்துடுச்சு. அவங்கள்ல நிறைய பேர் எல்லையோரத்து மோரே ஊர்லயே தங்கிட்டாங்க. இன்னைக்கும் அங்க தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கு.

இங்க தங்கினவங்களுக்கு அரசு குடியிருப்பு கொடுத்தது, சிறு கடன் கொடுத்தது. வியாசர்பாடி, எண்ணூர் எனப் பல இடங்களில் காலனிகள் வந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சாலையோரம் கடை போட்டார்கள். 1969-ல் அது பர்மா பஜார் ஆனது. பர்மா, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டதும் அதே 1969-ல்தான். கைவசம் வேறு தொழில் இல்லாதவர்கள் தெரிந்த சாப்பாட்டைச் செய்து விற்றார்கள்.

அப்படி வந்துச்சு அத்தோ. ஆனா ஆயாவைக் கேட்டா, "அது அத்தோவே இல்ல"ன்னு சொல்லும். ஏன்னு நான் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். போன்ல ரெக்கார்டும் பண்ணேன்.

முதல் குறை, மீன். ரங்கூன் மொஹிங்கான்னா கெளுத்தி வகை ஆற்று மீனை வேகவெச்சு, முள் எடுத்து, உதிர்த்துப் போட்ட குழம்பு. வாழைத்தண்டு அதுல ஒரு துணைதான். இங்க பெரும்பாலான வண்டிகள்ல மீன் போயிடுச்சு, தண்டு மட்டும் நின்னுடுச்சு. ரெண்டாவது குறை, வாசனை. பர்மிய சமையல்ல மீன் சாஸ், காய்ஞ்ச இறால் தூள், ங்கப்பின்னு புளிக்க வெச்ச மீன் விழுது எல்லாம் உண்டு. பாரிமுனைக்கு வர்ற எல்லா சாதிக்காரங்களும் சாப்பிடணும், சைவக்காரங்களும் நிக்கணும்னா அந்த வாசனை ஆகாது. அதனால கழட்டி விட்டாங்க. அந்த இடத்தைப் புளியும் பூண்டு எண்ணெயும் பிடிச்சுக்கிச்சு.

"விக்கணும்ல, என்ன பண்ணுவாங்க?"ன்னு ஆயாவே சொல்லுது. ஆனா ஒத்துக்க மட்டும் ஒத்துக்காது.

இப்ப அந்த பாஸ்ட்ராமிக்குத் திரும்பிப் போவோம். அதோட கதையும் இதேதான். 1880-களிலிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போனார்கள். ருமேனியாவிலிருந்து போனவர்கள் பாஸ்ட்ராமியைக் கொண்டு போனார்கள். அது துருக்கியர்களின் உப்புக்கண்டத்திலிருந்து அவர்களிடம் வந்தது. ஊரில் வாத்துக்கறியிலும் ஆட்டுக்கறியிலும் செய்வார்கள். நியூயார்க்கில் மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது, அதற்கு மாறினார்கள். அவசரமாக வேலைக்குப் போகிறவர்களுக்காக ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். அதாவது என் நண்பர் 'ஒரிஜினல்'னு தேடுற சாண்ட்விச்சே, ருமேனியாவுல இருந்த அவரோட கொள்ளுப்பாட்டி பார்த்திருந்தா "இது அது இல்ல"ன்னு சொல்லியிருக்கக்கூடிய ஒண்ணு.

இன்னொரு விஷயம். யூதர்கள் நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஜார்ஜ் டவுன்ல பவழக்காரத் தெரு இருக்குல்ல, 17-ம் நூற்றாண்டுல மத்திய தரைக்கடல் பவழத்தைக் கொண்டு வந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிட்டுப் போன யூத வியாபாரிகள் இருந்த பகுதி அது. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கினப்போ உறுப்பினர்கள்ல யூத வியாபாரிகளும் இருந்தாங்க. அத்தோ வண்டி நிக்கிற இடத்துலேருந்து நடக்கிற தூரம்தான். இதை நண்பர்கிட்ட சொன்னப்போ அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

சாப்பாடு ஒரு பக்கமா மட்டும் பயணம் பண்றதில்லைன்னும் சொல்லணும். இன்னைக்கும் யாங்கோன் தெருக்கள்ல 'தோஷே' விக்கிறாங்க. நம்ம தோசைதான். 'பலட்டா'ன்னா பரோட்டா. அங்க போய்த் தங்கின ஒரு தமிழ் ஆயா அந்தத் தோசையைத் தின்னுட்டு, "இது தோசையே இல்ல"ன்னு எத்தனை தடவை திட்டியிருக்கும்!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆயாவையும் நண்பரையும் கூட்டிக்கிட்டு எண்ணூர்ல ரயில் ஏறினேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் தாண்டி பீச்ல இறங்கினோம். ஆயா ஒரு தட்டு அத்தோ வாங்குச்சு. இடுப்புல இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துச்சு. உள்ள வறுத்துப் பொடிச்ச சென்னாகூனி. எண்ணூர் மீன் மார்க்கெட்ல வாங்கினது. அத்தோ மேல தூவி, தானே ஒரு தடவை பிசைஞ்சு, எங்க ரெண்டு பேருக்கும் கொடுத்துச்சு.

"இப்ப ரங்கூன் மாதிரி இருக்கா ஆயா?"

"இல்ல. ஆனா பரவால்ல."

வண்டிக்காரர் சிரிச்சார். அவங்க குடும்பமும் கப்பல்ல வந்ததுதானாம். அவருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்துச்சு ஆயா. வாயில போட்டுப் பார்த்துட்டு, "எங்கம்மா இப்படித்தான் செய்யும், நான் மறந்தே போயிட்டேன்"னார்.

உங்க வீட்டுலயும் யாராவது கப்பல்ல வந்தவங்க இருந்தா, பர்மாவோ இலங்கையோ எதுவா இருந்தாலும், இந்த வாரமே போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு, "எது சரியில்ல, ஏன் சரியில்ல"ன்னு கேளுங்க. அவங்க குறை சொல்லச் சொல்ல உங்களுக்கு ஒரு ஊரே கிடைக்கும். ஆயாவுக்கு இப்ப எழுபத்தாறு வயசுக்கு மேல ஆகுது. மொஹிங்கா செய்முறையில பாதிதான் நான் எழுதியிருக்கேன். அடுத்த ஞாயிறு மிச்சம்.