கற்றல் குறைபாடும் தன்னார்வ ஆசிரியர்களும்

கண்ணிலும் காதிலும் குறையில்லை, அறிவுத்திறனும் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. ஆனாலும் ஒருவர் வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிடுவதிலோ விடாமல் இடறுகிறார் என்றால், அந்த நிலை குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எனப்படும். வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. இத்தகையோருக்குச் சம்பளம் வாங்காமலோ, பெயருக்கு ஒரு தொகை பெற்றுக்கொண்டோ, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைப் பற்றியது இக்கட்டுரை. அரசுகள் இந்தக் குறைபாட்டை ஏற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். குறைதீர் கற்பித்தல் என்று இன்று பாடநூல்கள் சொல்லும் துறை, பெரும்பகுதி அவர்கள் கையால் வளர்ந்தது.

குறைபாட்டை முதலில் கவனித்தவர்கள் மருத்துவர்கள். மூளையில் அடிபட்டபின் எழுத்தை வாசிக்க முடியாமல் போன பெரியவர்களை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல், 1877இல் அதைச் 'சொற்குருடு' என்றார். பத்தாண்டு கழித்து, 1887இல், ஷ்டுட்கார்ட் நகரின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை வழங்கினார். பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்று ஒரு சிறுவனை முன்வைத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் சீஃபோர்டு ஊரில் மருத்துவம் பார்த்த பிரிங்கிள் மார்கன். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய குறிப்பில் வரும் பெர்சி என்ற அந்தச் சிறுவனுக்கு வயது 14. விளையாட்டில் கெட்டிக்காரன், கணக்கும் நன்றாக வரும். தன் பெயரை எழுதச் சொன்னால் மட்டும் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி எழுதுவான். எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார் என்பதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியர் ஒருவரின் கவனிப்பு இத்துறையின் முதற்பக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

கிளாஸ்கோவின் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1917இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இத்தகைய பிள்ளையைப் பெரிய வகுப்பில் வைத்துப் பயனில்லை, தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் முடிவு. தனியாகச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பள்ளி நிர்வாகங்களிடம் விடை இல்லை.

விடை அமெரிக்காவில் உருவானது. ஐயோவா மாநிலத்தின் மனநல மருத்துவர் சாமுவேல் ஆர்டன் 1925இல், நடமாடும் மருத்துவக் குழுவுடன் கிரீன் கவுண்டி என்ற நாட்டுப்புறப் பகுதிக்குப் போனார். 'படிப்பு ஏறவில்லை' என்று ஆசிரியர்கள் அனுப்பிவைத்த பிள்ளைகளைச் சோதித்தார். அவர்களில் பலர் அறிவில் பின்தங்கியவர்கள் அல்லர் என்று கண்டார். மூளையின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக எழுத்தைப் பதிவதால்தான் குழப்பம் வருகிறது என்ற அவருடைய விளக்கம் பின்னாளில் கைவிடப்பட்டது. அவர் வற்புறுத்திய பயிற்சி நிலைத்துவிட்டது: பார்ப்பது, கேட்பது, வாயால் சொல்வது, விரலால் வரைவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியை ஆசிரியர் கையில் எடுத்து நடத்தும்படி பாடமாக்கியவர்கள், நியூயார்க்கின் எத்திகல் கல்ச்சர் பள்ளியில் பணிபுரிந்த உளவியலாளர் அன்னா கில்லிங்ஹாமும் அங்கே ஆசிரியையாக இருந்த பெஸ்ஸி ஸ்டில்மனும். 1930களின் நடுவில் வெளிவந்த அவர்களுடைய கையேடு, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று தொடங்கி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏறும். முந்தைய படி உறுதியாகாமல் அடுத்ததில் கால் வைக்கக் கூடாது. நேற்றுப் படித்ததை இன்று மறுபடி சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் புதியது. மருத்துவப் படிப்போ ஆய்வுக்கூடமோ இதற்குத் தேவையில்லை. அட்டைகளும் பொறுமையும் முறையான பயிற்சியும் போதும். தன்னார்வலர்கள் இத்துறைக்குள் வர முடிந்ததற்கு இந்தக் கையேடே முதற்காரணம். கலிபோர்னியாவில் கிரேஸ் ஃபெர்னால்டு இதே காலத்தில், முழுச் சொல்லையும் விரலால் தடவி எழுதப் பழக்கும் முறையை வளர்த்தார். அவருடைய நூல் 1943இல் வந்தது.

விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் அரிச்சுவடி தொடங்கும். விரல் வளைவைப் பின்பற்ற, வாய் எழுத்தின் பெயரைச் சொல்லும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து வியந்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். வளர்ந்த ஆசிரியர்கள் அதை ஏற்க மறுத்தபோது, எட்டு வயது மாணவன் ஒருவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் அச்சிட்ட அறிக்கையிலிருந்து இந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டனெங்கும் பரவியது. கற்றல் குறைபாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல இது. ஆயினும் மணல் தட்டு இன்று குறைதீர் வகுப்புகளில் மேசைமேல் இருக்கிறது. சம்பளமில்லாத ஒருவர் சொல்லிக்கொடுத்தும் பாடம் நடக்கும் என்பதைச் சென்னை அன்றே காட்டியது. நம் கல்வி வரலாற்றில் இதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

ஆர்டன் 1948இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் மனைவி ஜூன் ஆர்டன், உடன் உழைத்தவர்களைச் சேர்த்து ஆர்டன் சங்கத்தை நிறுவினார். 1997இல் அது சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம் என்று பெயர் மாறியது. 1963 ஏப்ரலில் பெற்றோர் பலர் சிகாகோவில் ஒன்றுகூடினர். தம் பிள்ளைகளின் நிலைக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்த அவர்கள் முன்னால் உளவியலாளர் சாமுவேல் கர்க் 'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரை எடுத்துவைத்தார். மறு ஆண்டு பெற்றோரின் தேசிய அமைப்பு பிறந்தது. 1975இல் அமெரிக்கச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உறுதிசெய்தது.

பிரிட்டனில் போராட்டம் இன்னும் கடினமாக இருந்தது. 1962இல் லண்டனில் ஓர் அறநிறுவனம் சொற்குருடு மையத்தைத் தொடங்கிப் பத்தாண்டு நடத்தியது. பாத் நகரில் மேரியன் வெல்ச்மன் என்ற தாய், மகனுக்குப் பள்ளியில் உதவி கிடைக்காததால் 1966இல் தானே ஒரு சங்கம் கண்டார். கில்லிங்ஹாமிடம் பயின்ற சாலி சைல்ட்ஸை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் செய்தார். ஹெலன் ஆர்க்கெல் தாமே டிஸ்லெக்சியா உடையவர்; அவர் பெயரிலான மையம் 1971இல் திறந்தது. 1972இல் இத்தகைய உள்ளூர்ச் சங்கங்கள் இணைந்து பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் ஆயின. அதே ஆண்டு அரசின் ஆலோசனைக் குழு 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லையே ஏற்கத் தயங்கி, 'குறிப்பிட்ட வாசிப்பு இடர்கள்' என்று மாற்றி எழுதியது. பிள்ளைகளோ பெயர் முடிவாகும்வரை காத்திருக்க முடியாது. தன்னார்வ ஆசிரியர்கள் காக்க வைக்கவும் இல்லை.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பற்றிய பதிவுகள் குறைவு. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ரூத் கால்வின் 1962இல் தொடங்கிய எழுத்தறிவுத் தன்னார்வலர் அமைப்பு, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் வயது வந்தோருக்கு வாசிக்கக் கற்றுத்தந்தது. 2002இல் லாபாக் என்ற எழுத்தறிவு அமைப்புடன் இணைந்து புரோலிட்டரசி ஆனது. வயது வந்தபின் எழுத்துப் பயில வருவோரில், சிறுவயதில் யாரும் கண்டுபிடிக்காத கற்றல் குறைபாடு உடையவர்களும் உண்டு. சிறுவயதிலேயே உதவும் முயற்சியும் உண்டு: ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் அமெரிக்கப் பிரிவு ஒன்று 1994இல் தொடங்கிய மையங்களில் பிள்ளைகளுக்குப் பாடமும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் இலவசமாகவே தரப்பட்டன.

இந்தியாவில் 1990களில்தான் அமைப்புகள் எழுந்தன. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பெற்றோர், ஆசிரியர், சமூக ஆர்வலர் சிலரின் முயற்சியால் சென்னையில் உருவானது. மகாராஷ்டிர டிஸ்லெக்சியா சங்கம் 1996இல் மும்பையில். சென்னைச் சங்கம் 1999இல் தி. நகரில் தொடங்கிய அனன்யா கற்றல் ஆய்வு மையத்தில், பிள்ளை சில காலம் முழுநேரமாகப் பயின்றுவிட்டு வழக்கமான பள்ளிக்கே திரும்பும். வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்கும் சங்கம் பயிற்சி தருகிறது. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்துக்குப்பின் 'மக்கு', 'சோம்பேறி' என்று பேர் வாங்கிய பிள்ளைகளைப் பெற்றோர் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினர்.

தமிழில் உச்சரிப்பும் எழுத்தும் ஒத்துப்போவதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா வராது என்ற எண்ணம் தவறானது. 'கொடை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒலியில் முதலில் வருவது ககர மெய்; எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முந்திக்கொள்கிறது, அதன்பின் க, அதன்பின் கால். அடுத்த எழுத்திலும் ஐகாரக் குறி டகரத்துக்கு முன்னால் நிற்கிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கண் காணும் வரிசை வேறொன்று. இதனுடன் ண, ந, ன; ல, ள, ழ; ர, ற ஆகியவற்றின் மயக்கம். ஒரே ககரம் 'கல்'லில் ஒரு விதமாகவும் 'பங்கு', 'பகல்' என்பவற்றில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. 247 எழுத்துகளை அட்டவணையாக மனப்பாடம் செய்யச் சொல்லாமல், உயிர்க்குறிகளைத் தனியே பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே எழுத வைப்பதுதான் சரியான வழி. ஆங்கிலத்துக்கென்று வகுத்த கில்லிங்ஹாம் படிகளை அப்படியே இறக்குமதி செய்தால் இது கிடைக்காது.

சட்டத்தின் நிலை: 1995ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் இல்லாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் தரப்பட்டது. 14இலும் 18இலும் மறுபடி சோதனை நடந்தது. சிறப்புக் கல்வியாளராகத் தொழில் செய்ய 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவில்லாத தன்னார்வலர் துணையாளராகவே பணிபுரிகிறார். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் உண்டு. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுபவரின் படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்த வழியில் ஆசிரியர் எழுத முடியாமல் போனது. தகுந்த இளையவரைத் தேடி, சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத அவரைப் பழக்குவதும் தேர்வுக் காலத்தில் தன்னார்வ ஆசிரியரின் வேலையாகிவிட்டது.